குழாயடி வரைக்கும் போன வேர்

ராயபுரத்தில் துறைமுகத்து ஆட்களுக்கென்று கட்டியிருந்த வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. அதனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று எங்களுக்கு வாய்த்தது. பின்பக்கம் பதினைந்து தப்படி நீளமும் பத்துத் தப்படி அகலமுமாக ஒரு காலி இடம், மூன்று பக்கமும் மதில். ரயில் எஞ்சின்களிலிருந்து வாரிய சாம்பலையும், எரிந்து கட்டிதட்டிப்போன கரிக்கிட்டத்தையும் கொட்டி மேடாக்கிய தரை அது. மழை பெய்தால் தண்ணீர் கறுப்பாக ஓடும். வெயில் காலத்தில் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாது.

கல்யாணமாகி வந்த ஒரு வாரத்துக்குள் அங்கே கடப்பாரையைப் போட்டேன். இரும்பில் இரும்பு பட்டது போலச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் கதவண்டை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க இன்னாமே வரும்? கல்லுதான் வரும்."

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து மூட்டைகளைத் தூக்கி இறக்குகிறவருக்குக் காலடியில் இருக்கிற தரையைப் பற்றி நினைக்க நேரமில்லை. எனக்கு மண் என்றால் பிடிக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அங்கே வாரத்தில் ஒரு மணி நேரம் தோட்ட வேலை உண்டு. மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் நிழல் தேடிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நான் கத்தரி நாற்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருப்பேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்கும் பதில் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

சாம்பல் தரையில் மண்ணை நானே உண்டாக்க வேண்டியிருந்தது. துறைமுக வாசலில் மாட்டு வண்டிகள் சரக்குக்காக வரிசையாக நிற்கும். விடிந்ததும் கூடையோடு போய்ச் சாணம் அள்ளி வருவேன். கொஞ்ச நாளில் வண்டிக்காரர்கள் என்னைக் கண்டதுமே, "தோட்டக்காரம்மா வந்துட்டாங்கோ" என்று மாட்டை நகர்த்தி இடம் விட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே கால்வாய்க் கரையிலிருந்து இரண்டு சாக்கு வண்டல் மண் தூக்கி வந்து போடுவார். மீன்காரம்மாவிடம் மிஞ்சிய மீன் தலை, செதில், நண்டு ஓடு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் புதைத்தேன். அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர், பிள்ளைகளைக் குளிப்பாட்டின தண்ணீர் என்று ஒரு சொட்டுகூட சாக்கடைக்குப் போகவில்லை.

முதலில் முளைத்தது பசலைக்கொடி. கறுத்த சாம்பலிலிருந்து அந்தச் செந்தண்டு தலைநீட்டிய காலையில் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்ததில் அடுப்பில் வைத்திருந்த சோறு குழைந்துபோயிற்று. அப்புறம் கற்பூரவல்லி, கனகாம்பரம், இரண்டு வாழை, ஒரு முருங்கை. மதிலோரம் மல்லிகைப் பந்தல். கடல் காற்று உப்பை வாரிக்கொண்டு வரும். ரயில் போகும்போதெல்லாம் கரித்தூள் வந்து படியும். அதனால் தினமும் காலையில் ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துவிடுவேன். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். துணியை எடுத்ததும் அடியில் தெரிகிற பச்சையை அவர்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவை பார்க்கிற மாதிரிதான் எனக்கு இருந்தது.

மாதுளையை நான் நடவில்லை. யுத்தம் தொடங்கியிருந்த சமயம், கப்பலில் வந்த யாரோ ஒரு மாலுமி என் வீட்டுக்காரருக்கு ஒரு பழம் கொடுத்திருக்கிறார். அதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்பக்கம் உட்கார்ந்து, பெரியவளுக்கும் எனக்கும் உதிர்த்துக் கொடுத்துத் தானும் தின்றார். விதைகளை எங்கே துப்பினோம் என்று யார் கவனித்தார்கள். மழை முடிந்தபோது அந்த இடத்தில் சின்னதாக இரண்டு இலை. களை என்று பிடுங்கப் போய், தண்டின் சிவப்பைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டேன். நாலாவது வருஷம் பூத்தது. சாம்பல் மேட்டில் தீக்கங்கு விழுந்து கிடக்கிற மாதிரி இருந்தது அந்தப் பூ. அந்த நிறத்தில் ஒரு புடவையைக்கூட நான் அதற்கு முன் கண்டதில்லை.

மரம் என் தலைக்கு மேல் வளர்ந்து, வருஷத்துக்கு முப்பது நாற்பது பழம் கொடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் இருந்தோம். பிறகு என் வீட்டுக்காரருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. கிரேன் ஏணியில் ஏற முடியவில்லை. யானைக்கவுனியில் தெரிந்தவர் ஒருவருடைய கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. துறைமுக வேலையை விட்டால் துறைமுக வீட்டையும் விட வேண்டும். வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி வீடு பார்த்தோம். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கையகலத் தரை இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டேன். "ஒரே ஒரு மரம் வெச்சுக்கம்மா" என்றார்.

அந்த ஒரு மரம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மாதுளைக் கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு அதன் கிளை வேண்டாம், அந்த மரம்தான் வேண்டும். என் பிள்ளைகள் பிடித்து ஏறிய மரம். கிளைகளைக் கழித்துவிட்டு, மண்ணோடு பெயர்த்து, சாக்கில் கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

வீடு காலி செய்ய நாலு நாள் இருக்கும்போது, அடுத்துக் குடிவரப்போகிற கிரேன்காரருடைய மனைவி வீட்டைப் பார்க்க வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியாக, முக்காட்டை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டு, படபடவென்று பேசுகிறவள். வண்ணாரப்பேட்டையில் ஒரு முடுக்குச் சந்தில் பிறந்து வளர்ந்தவள், கட்டிக்கொடுத்ததும் அங்கேயேதான். சமையற்கட்டை எட்டிப் பார்த்தாள். பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எம்மாம் எடம் யக்கா. இங்க ஒரு கோயிக்கூண்டு வெச்சிக்கலாம்" என்றாள்.

கோழி கிளறினால் என் பாத்திகள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.  அவள் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "அவங்க வூடு, அவங்க கோயி. உனுக்கின்னா?" என்றார். நியாயமான பேச்சுதான். அதனாலேயே எனக்கு அன்று முழுக்க அவர்மேல் கோபம்.

மறுநாள் காலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மாதுளையைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தேன். ஒரு முழம் ஆழம் வரைக்கும் சுலபமாகப் போயிற்று. அது என் மண். சாணமும் வண்டலும் மீன் எலும்புமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் போட்டுப் போட்டு உண்டாக்கின மண். கையில் அள்ளினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குக் கீழே சாம்பலும் கிட்டமும் வந்தன. அங்கே என் மண்வெட்டி நின்றுவிட்டது. ஆனால் வேர் நிற்கவில்லை. குனிந்து கையால் வழித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கிட்டத்தையும் மெல்லிய வேர்கள் சுற்றிப் பிடித்திருந்தன. கடப்பாரை போக மறுத்த இடுக்குகளில் நூல் மாதிரி நுழைந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பப் பருத்திருந்தன. ஒரு கிட்டத்தைப் பிடுங்கி எடுத்தேன். தேங்காய் அளவு இருந்த அது இரண்டாகப் பிளந்து கையில் வந்தது. நடுவே வேர் ஓடியிருந்தது. இரும்பு மாதிரி கெட்டித்துப்போன அந்தக் கட்டியை, கிள்ளினால் அறுந்துபோகிற ஒரு வேர் பிளந்திருக்கிறது. எத்தனை வருஷம் ஆயிற்றோ. நான் மேலே இலை துடைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அடியில் இது நடந்துகொண்டு இருந்திருக்கிறது.

இன்னும் தோண்டினேன். இடுப்பளவு ஆழத்தில் சாம்பல் முடிந்து மணல் வந்தது. வெள்ளை வெளேரென்ற கடல் மணல், நடுநடுவே சிப்பி. வீடுகளும் ரயில் பாதையும் வருவதற்கு முன்னால் அங்கே அலை வந்து போயிருக்க வேண்டும். மணல் ஈரமாகச் சில்லென்று இருந்தது. நடுவேர் அதற்குள்ளும் நேராக இறங்கிப் போயிற்று. அதன் முடிவை நான் பார்க்கவே இல்லை.

பள்ளத்துக்குள் நின்றபடியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. சட்டி பானையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்க வந்திருக்கிறாள்.

"இன்னா யக்கா, குயி தோண்டிகினு கீறே?"

"மரத்தை எடுத்துகினு போலாம்னு பாத்தேன்."

"எடுக்க முடீலயா?"

"எறங்கி வந்து பாரு."

அவள் வருவாள் என்று நினைத்துச் சொல்லவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்து இறங்கினாள். வேர் சுற்றிய கிட்டத்தைக் காட்டினேன். பிளந்ததைக் காட்டினேன். கீழே மணலைக் காட்டினேன்.  ஒரு விரலால் வேரைத் தொட்டாள். தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரித் தொட்டாள்.

"இது எங்க யக்கா போவுது?" என்று பக்கவாட்டில் கையைக் காட்டினாள்.

நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை. நடுவேரிலிருந்து கட்டை விரல் பருமனில் ஒரு வேர் பிரிந்து, பின்மதில் இருக்கிற திசையில் கோடு கிழித்த மாதிரி போயிற்று. மற்ற வேர்களெல்லாம் இங்கும் அங்கும் வளைந்து கிடந்தன. இது மட்டும் எங்கே போகிறோம் என்று தெரிந்து போகிற மாதிரி இருந்தது.

"தெர்ல" என்றேன்.

"பாத்துடலாமா?"

அவளுக்கு நான் மண்வெட்டியைக் கொடுத்தேன். அவள் அதற்கு முன் மண்வெட்டி பிடித்ததில்லை என்பது முதல் வெட்டிலேயே தெரிந்தது. நான் அதைத் திரும்ப வாங்கி முன்னால் வெட்டிக்கொண்டே போனேன். அவள் பின்னால் குந்தியபடி வேர் அறுந்துபோகாமல் கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மல்லிகைப் பந்தலுக்கு அடியில் போயிற்று. வாழைக்குப் பக்கத்தில், வாழை வேர்களைத் தாண்டி, நிற்காமல் போயிற்று. என் தோட்டத்தில் தண்ணீர் அதிகம் கிடைக்கிற இடம் அந்த வாழையடிதான். அதைக்கூட அது சட்டை செய்யவில்லை. ஏழு தப்படி தூரம் போய் மதிலை அடைந்தோம். வேர் மதிலின் அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்து மறைந்துவிட்டது.

அவள் மதிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தாண்ட இன்னா கீது?"

எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகத் தினமும் இரண்டு வேளை போய் நின்ற இடம். தெருக் குழாய்.

இரண்டு பேரும் சேற்றுக் கையோடு, வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போனோம். மத்தியானம் என்பதால் குழாயடியில் யாரும் இல்லை. குடம் வைக்கிற கல் ஈரமாகக் கிடந்தது. அந்தக் குழாய் என்றைக்குமே முழுசாக மூடியதில்லை. தண்ணீர் வருகிற நேரமெல்லாம் ஒழுகிக்கொண்டே இருக்கும். கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் மண் அரித்துப்போன இடத்தில் பழுப்பு நிறத்தில் நார் நாராக ஏதோ தெரிந்தது. அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குடம் தேய்க்கிற தேங்காய் நார் என்று நினைத்து, காலால் ஒதுக்கியும் விட்டிருக்கிறேன். பிய்ந்து வராததை ஏன் என்று யோசித்ததில்லை.

மாதுளை வேரின் தோலைச் சுரண்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். காலையில் தோண்டும்போது மண்வெட்டி பட்ட இடங்களிலெல்லாம் அந்த மஞ்சளைப் பார்த்திருந்தேன். குனிந்து அந்த நாரில் சற்றுப் பருத்த ஒன்றை நகத்தால் கீறினேன்.

மஞ்சள்.

"சுபுஹானல்லா" என்றாள் அவள், ரொம்ப மெதுவாக.

  அந்த மரத்தை வளர்த்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மண், என் கழுநீர், என் துணி. அது எனக்குத் தெரியாமல், மதிலுக்கு அடியில் புகுந்து வந்து, தெருவே தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எங்களோடு சேர்ந்து வரிசையில் நின்றிருக்கிறது. நாங்கள் அங்கே சண்டை போட்டிருக்கிறோம், சிரித்திருக்கிறோம், யார் வீட்டில் என்ன குழம்பு என்று பேசியிருக்கிறோம். எங்கள் எல்லோருடைய குடத்திலும் சிந்தியதைக் குடித்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கோடை நினைவுக்கு வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியான வருஷம். பிள்ளைகளோடு நான் அரக்கோணத்துக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் இங்கே இருந்தார், அதுவும் பெரும்பாலும் துறைமுகத்திலேயே படுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து வெயிலில் திரும்பி வந்தபோது கனகாம்பரம் கருகியிருந்தது, வாழை சாய்ந்து கிடந்தது. இடுப்பு உயரம் இருந்த மாதுளை மட்டும் பச்சையாக நின்றது. "தண்ணி ஊத்தினியா?" என்று அவரைக் கேட்டேன். "நான் இந்தப் பக்கமே வர்லமே" என்றார். செய்ததைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் வருஷக்கணக்கில் பிரியமாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் பள்ளத்தையும், மதில் வரை வெட்டிய வாய்க்காலையும் காட்டினேன். குழாயடிக்கும் அழைத்துப் போனேன். வலிக்கிற காலோடு குனிந்து அந்த நாரைப் பார்த்தார்.

"அந்த வருசம் நீ நெஜமாவே ஊத்தலியா?"

"அப்பவே சொன்னனே. நீதான் நம்பல."

"அப்பவே இது இங்க வந்துட்டிருக்குமா?"

"யாருக்குத் தெரியும்" என்றார். மதிலைப் பிடித்து நிமிர்ந்துகொண்டே, "நம்மளக் கேட்டுகினா வந்திச்சு" என்றார்.

மறுநாள் பள்ளத்தை மூடினோம். அவளும் வந்தாள். நான் மேலே இருந்து மண்ணைத் தள்ள, அவள் வேர் மடங்காமல் விரலால் நீவி நீவிப் பரப்பினாள். முந்தின நாள் காலை வரை அவளைப் பிடிக்காமல் இருந்ததை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருந்தது. முதலில் மணல், அதன்மேல் சாம்பல், அதன்மேல் என் மண் என்று எது எங்கே இருந்ததோ அதை அங்கேயே போட்டோம். நான் கழித்துப்போட்டிருந்த இரண்டு கிளைகளில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "இத்த வெச்சுப் பாரு யக்கா" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

கிளம்புகிற நாளில் வண்டியில் சாமான் ஏற்றி முடித்ததும் பின்பக்கம் போனேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கொஞ்சம் வாடியிருந்த மாதுளைக்கு முன்னால் நின்றபோது, ஒரு பெரிய மனுஷர் வீட்டில் இவ்வளவு காலம் குடியிருந்துவிட்டு, அவர் யார் என்று கடைசியில் தெரிந்துகொண்டு போகிற மாதிரி இருந்தது. இலைகளில் கரித்தூள் படிந்திருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். பிறகு கற்பூரவல்லியை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் கொண்டுபோன கிளை வண்ணாரப்பேட்டையில் துளிர்த்தது. ஒரு மழைக்காலம் இருந்தது. அடுத்த வருஷம் வீட்டுச் சொந்தக்காரர் அந்த இடத்தில் குளியலறை கட்டினார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் கடைத்தெருவில் யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். அவள்தான். நாத்தனார் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்திருந்தாள். வீட்டுக்கு அழைத்துப் போய்க் காபி கொடுத்தேன். கேட்காமலே சொன்னாள். கோழி கிளறி மல்லிகை போய்விட்டது. முருங்கை காற்றில் விழுந்துவிட்டது. கனகாம்பரம் மட்டும் பாதி இருக்கிறது.

"அனார் மரம்?" என்று மாதுளைக்கு அவள் சொல்கிற பேரிலேயே கேட்டேன்.

"அது கீது யக்கா. போன வருசம் கொயாயத் தெரு மொனைக்கு மாத்திட்டாங்க. செத்துப்பூடும்னு நானும் வூட்டுக்காரரும் பயந்துகினே இருந்தோம். தண்ணிகூட ஊத்திப் பாத்தேன். இந்த வருசம் அறுவது பயம் காச்சிச்சு."

"எங்கேர்ந்து குடிக்குது?"

"அதான் தெர்ல" என்றாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அங்கே மரம் நிற்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தோண்டிப் பாக்கலாம்னு அவுரு சொன்னாரு. நான் வேணான்ட்டேன்."

வந்து பார்க்கச் சொன்னாள். வருகிறேன் என்றேன். ராயபுரம் அப்படி ஒன்றும் தூரமில்லை, நடந்தே போய்விடலாம். ஆனாலும் நான் போகவில்லை. போனால் இலையும் பூவும் பழமும் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்துக்குள் இடுப்பளவு ஆழத்தில், கடல் மணலில் கால் வைத்து நின்று நான் பார்த்ததை மறுபடி யாரும் எனக்குக் காட்ட முடியாது.